திருப்பிக் கேட்ட யூனிஃபார்ம்

என்னைக் கஞ்சம் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது ஓசூரில் ஒரு லைன் வீடு. வரிசையாக ஆறு கதவு, ஒரே தண்ணீர்த் தொட்டி. என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் காண்ட்ராக்டர் வழியாக வந்த ஆள். நிரந்தரமானவர்களுக்குக் கம்பெனி பஸ் வரும், இவர் சைக்கிளில் போவார். அந்தச் சம்பளத்தில் வாடகை, பெண்ணின் பள்ளிக்கூடச் செலவு, கேஸ், கரண்ட் எல்லாம் போக மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஒருத்தி வீட்டில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது நான்தான்.

உழவர் சந்தைக்குக் காலையில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கடைக்காரர்கள் மூட்டை கட்டுகிற நேரத்துக்குப் போக வேண்டும். கூடையில் மிஞ்சியதைத் திருப்பிச் சுமந்துகொண்டு போக யாருக்கும் மனசு வராது, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே விலை இறங்கிவிடும். ரேஷன் அரிசியில் இட்லி எப்படிப் பூப்போல வரும் என்பது எனக்குத் தெரியும், சொல்லித் தரமாட்டேன். குளிக்கிற தண்ணீருக்குக் கேஸ் எரிக்கிறதில்லை. கம்பெனிகளில் பெட்டி கட்டி வருகிற பலகை உடைசல் மலிவாகக் கிடைக்கும், அதில்தான் அடுப்பு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் மாவு கொடுப்பேன், அவர்கள் எனக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுப்பார்கள். அந்த அக்கா தெலுங்குக்காரர். என்னோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். மாவுக்கும் வைஃபைக்கும் என்றைக்காவது கணக்கு இடித்தால் கன்னடம்கூட வரும்.

என் வீட்டுக்காரரின் துணிச்செலவு பற்றி மட்டும் நான் கவலைப்பட்டதே இல்லை. வருஷத்துக்கு இரண்டு ஜோடி யூனிஃபார்ம் கொடுத்துவிடுவார்கள். நீலச் சட்டை, கறுப்பு பேண்ட், சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயர் நூலில் தைத்திருக்கும். வேலைக்கு அது. வீட்டுக்கு லுங்கி. மேலே போட்டுக்கொள்ள, பெயிண்ட் கடை திறப்பு விழாவிலும் தேர்தல் சமயத்திலும் ஓசியில் கொடுத்த பனியன்கள். கல்யாணம் காட்சிக்கு எங்கள் கல்யாணத்தில் போட்ட சந்தனக் கலர் சட்டை. ஒரு ஆண்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். அவரும் எதுவும் கேட்டதில்லை.

அந்த யூனிஃபார்ம் துணி இருக்கிறதே, அது லேசுப்பட்ட துணி இல்லை. தோல் மாதிரி கனமானது. இரண்டாவது வருஷம் புது ஜோடி வந்ததும் பழையதை எடுத்து நான் விளையாடிவிட்டேன். ஒரு பேண்டின் இரண்டு காலையும் வெட்டி அடியை மூடிக் கைப்பிடி வைத்தால் இரண்டு பை. எத்தனை கிலோ வைத்தாலும் அறாது. ஒன்று எனக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு. சட்டையின் முதுகில் தலையணை உறை தைத்தேன். முன்பக்கத்துப் பையை மட்டும் தனியாக அறுத்து ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஆணியில் மாட்டினேன், சார்ஜ் போடும்போது செல்போன் அதில் உட்கார்ந்துகொள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் என் மூளையைப் புகழ்ந்தார்கள். இன்னொரு ஜோடியை முழுசாகவே எங்கள் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கெலமங்கலம் பக்கத்தில் ராகியும் தக்காளியும் போடுகிற கொல்லை இருக்கிறது. பதிலுக்குத் தக்காளி வரும். சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"காண்ட்ராக்டர் மாறுறாரும்மா."

"மாறட்டும். உங்களுக்கு வேலைதானே, யார் வழியா இருந்தா என்ன?"

"புது ஆளு எல்லாரையும் எடுக்க மாட்டாராம். பாதிப் பேரக் கழிச்சுடுவாங்கன்னு பேசிக்கறாங்க. பழைய காண்ட்ராக்டர் கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டேன்னு சீட்டு வாங்கிக்கினு போனாத்தான் உள்ளயே விடுவாங்களாம்."

"என்னாத்த ஒப்படைக்கணும்?"

"ஐடி கார்டு. அப்புறம் யூனிஃபார்ம். இதுவரைக்கும் குடுத்த நாலு ஜோடியும். வெளியாளு யாரும் அதப் போட்டுக்கினு கேட்டுக்குள்ள பூந்துடக் கூடாதாம்."

நான் தலையணையைப் பார்த்தேன். அவரும் தலையணையைப் பார்த்தார். ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே செல்போன் சுகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"நான் பாத்துக்கறேன், நீங்க கைகால் கழுவிக்கினு சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை போனால் எங்களுக்கு வேறு ஆதாரம் கிடையாது. இன்னொரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தால் மறுபடி அடிமட்டச் சம்பளம், அதுவும் கிடைத்தால்தான். நான் பிடித்து வைத்த மிச்சமெல்லாம் ஒரு மாசம் தாங்காது. நான்தான் வெட்டினேன், நான்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா சரியாக அப்போதுதான் ராகியைப் பையில் கொட்டி மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பை வேணும்."

"எதுக்கும்மா?"

"பேண்ட்டா மாத்தணும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ தேவுடா! குடுத்ததத் திருப்பிக் கேக்கற மூஞ்சியப் பாரு. பையக் குடுத்துட்டு ராகிய நான் மடியில கட்டிக்கினு போவட்டா?" என்று ஆரம்பித்துத் தெலுங்குக்குப் போய்விட்டார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில் என் வீட்டில் இருந்த ஒரே நல்ல ஒயர் கூடையைக் கொடுத்து, அதோடு ஒரு குண்டான் மாவும் கொடுத்துத்தான் அந்தப் பையை வாங்கினேன். மாவு வாங்கிக்கொண்ட பிறகு அக்கா தமிழுக்கு வந்து, "வேல போவாதும்மா, பயப்படாத" என்றார்.

அடுத்தது அண்ணன். அவன் குணம் எனக்குத் தெரியும், வெறுங்கையோடு போனால் காரியம் ஆகாது. பீரோவைக் குடைந்தேன். பெயிண்ட் கடை பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சந்தனக் கலர் சட்டையையும் அடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கெலமங்கலம் போகிற பஸ் நின்றது. காசு பஸ். அதை விட்டேன். பின்னாலேயே இன்னொன்று வந்தது, அதுவும் காசு பஸ். வீட்டுக்காரரின் வேலையே ஊசலாடுகிறது, இவள் பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ்ஸுக்கு நின்றாளா என்று நீங்கள் கேட்கலாம். நின்றேன். வேலை போனால் காசு இருக்காது, அதனால் இப்போதே மிச்சம் பிடிக்க வேண்டும் என்றுதான் என் புத்தி சொன்னது. இலவச பஸ் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது, உட்கார இடமும் இல்லை.

அண்ணன் கொல்லைக்கு நடந்து போகும்போது தூரத்தில் ராகிக்கு நடுவே நீலச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் போட்டுக்கொண்டு ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றான். ஒரு நொடி எனக்குப் பகீர் என்றது, இவர் எப்போது இங்கே வந்தார் என்று. கிட்டப் போனால் தலைக்குப் பதில் சுண்ணாம்பு பூசிய சட்டி. நான் அண்ணன் உழும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று கொடுத்ததை அவன் பொம்மைக்குப் போட்டுவிட்டிருந்தான்.

"அத அவுத்துக் குடு அண்ணா, அவசரம்" என்றேன்.

"அதெல்லாம் முடியாது பாப்பா. அதப் போட்டதுல இருந்து ஒரு பன்னி உள்ள வரல."

"பொம்மையப் பாத்துத்தானே வரல? வேற சட்ட போடு."

"பொம்மைக்கு எவன் பயப்படறான்? மூணு வருசமா பொம்ம நின்னுச்சு, பன்னி அது கால்ல உரசிக்கினு போச்சு. இந்தச் சட்டையில மாப்ளயோட வேர்வையும் அந்த மிசின் ஆயிலும் ஊறிக் கெடக்குது பாரு, அந்த வாசனைக்குத்தான் வர்றதில்ல."

என் வீட்டுக்காரர் வாசனைக்குக் காட்டுப்பன்றி ஓடுகிறது என்று ஒருத்தன் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். வேறு நாளாக இருந்தால் நடந்திருப்பதே வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். வேலை போகும் என்றதும் அண்ணன் முகம் மாறியது. ஆனாலும் கொல்லைக்காரன் கொல்லைக்காரன்தான். கதிர் பிடித்திருந்த நேரம், ஒரு ராத்திரி பன்றி இறங்கினால் அவன் குடும்பத்துக் களி போச்சு.

பெயிண்ட் கடை பனியனை நீட்டினேன். அதை விரலால் தூக்கிப் பார்த்தான். "அரைக் கை. காத்துல ஆடாது. இதப் பாத்தா பன்னி உள்ள வந்து என்னா வெலைன்னு கேக்கும்."

வேறு வழியில்லாமல் சந்தனக் கலர் சட்டையை எடுத்தேன். முழுக்கை, பளபளப்பு. அண்ணனுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வெயிலில் மின்னும், ராத்திரி டார்ச் அடித்தாலும் மின்னும் என்றான். ஆயிலுக்கு டிராக்டரில் இருந்து கொஞ்சம் பூசிக்கொள்கிறேன் என்றான். என் கண் முன்னாலேயே எங்கள் கல்யாணச் சட்டையைப் பொம்மைக்கு மாட்டி, பட்டனையும் போட்டான். வருஷத்துக்கு ஒரு நாள் போடுகிற சட்டைதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தக்காளி ஒரு பை கொடுத்தான், வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பையைப் பிரித்து மறுபடி பேண்ட் ஆக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும். என் பையில் மஞ்சள் கறை, அக்கா பையில் ராகி மாவு ஏறி வெளுத்திருந்தது. சேர்த்துத் தைத்ததும் ஒரு கால் இன்னொரு காலை விடக் கொஞ்சம் குட்டை. தலையணை உறையைப் பிரித்து, ஆணியில் தொங்கிய பையைக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்துத் தைத்தேன். காலரைக் கரித்துணிக் கூடையிலிருந்து எடுத்தேன், நல்லவேளை அடுப்பில் போடவில்லை. அண்ணன் கொல்லையில் நின்ற ஜோடி வெயிலில் சாம்பல் நிறமாகியிருந்தது. நான்கையும் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கினேன். பார்ப்பதற்கு நான்கும் நான்கு கம்பெனி மாதிரி இருந்தது.

"இத நான் எடுத்துக்கினு போவ மாட்டேன், நீயும் வா" என்றார் இவர். போனேன்.

காண்ட்ராக்டர் ஆபீஸ் என்பது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு அறை. வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. எங்களுக்கு முன்னால் நின்றவர் கையில் பையே இல்லை. அவர் முறை வந்ததும் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நான்கு சட்டைப் பைகள், வெறும் பைகள், கம்பெனி பெயரோடு கத்தரித்து எடுத்தது. மேஜைக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு டிக் அடித்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "பேரு இருக்கற பாக்கெட்டு மட்டும் போதுமா சார்?"

"அது போதும்மா. பேருதான் வெளிய போவக் கூடாது. மீதித் துணிய வெச்சு நாங்க என்னா பண்றது?"

"அத முன்னாடியே சொல்றதுக்கு என்னா சார்? உக்காந்து உக்காந்து என் இடுப்பே போச்சு!"

அவர் நான் தைத்த பேண்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காலைப் பார்த்தார், இன்னொரு காலைப் பார்த்தார். மூலையில் இருந்த குவியலில் போட்டார். மெஷின் துடைக்கப் போகிற குவியல். டிக் அடித்துச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலையில புது காண்ட்ராக்டரும் கம்பெனி மேனேஜரும் ஒவ்வொருத்தராப் பாப்பாங்க. கொஞ்சம் நல்லா டிரஸ் பண்ணிக்கினு வரச் சொல்லியிருக்காங்க, இந்த மாதிரி இல்லாம" என்று இவருடைய பெயிண்ட் கடை பனியனைப் பேனாவால் காட்டினார்.

படி இறங்கும்போது இவர் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிப்பு. "அந்தக் கவல இல்ல. கல்யாணச் சட்ட இருக்கு."

நான் வேகமாக முன்னால் நடந்தேன். வீடு வரைக்கும் சொல்லவில்லை. அவர் பீரோவைத் திறந்து தேடிவிட்டு என் பக்கம் திரும்பியபோதுதான் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அது ஒண்ணுதாம்மா எனக்குன்னு அளவெடுத்துத் தச்சது" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சமையலறையில் சேர்த்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைத்தெருவுக்குப் போனேன். ஆட்டோவில் போனேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். துணிக்கடையில் பையன் கேட்டான், "என்ன சைஸ்க்கா?" எனக்குத் தெரியும். இரண்டு நாளாகப் பிரித்து வைத்திருந்த காலரில் எழுதியிருந்ததே. "நாப்பத்தி ரெண்டு" என்று கம்பீரமாகச் சொல்லி, வெளிர் நீலத்தில் ஒன்று எடுத்து, பேரம் பேசி வாங்கி வந்தேன்.

அவர் போட்டுக்கொண்டார். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கியது. கழுத்துப் பட்டனைப் போட்டாலும் உள்ளே இரண்டு விரல் போகும்.

"ஏன் இப்பிடித் தொங்குது? ஏமாத்திட்டானா அந்தப் பையன்?"

"நாப்பத்தி ரெண்டு இப்பிடித்தான் இருக்கும்."

"உங்களுக்கு நாப்பத்தி ரெண்டுதானே? கம்பெனிச் சட்டையில போட்டிருந்துச்சே?"

"கம்பெனியில அதுதான் ஸ்டாக் இருந்துச்சு. முதுகுப் பக்கம் மடிச்சுப் பேண்ட்டுக்குள்ள விட்டுக்குவேன்."

"ரெண்டு வருசமாவா? என்கிட்டச் சொல்லியிருந்தா பிடிச்சுத் தச்சிருப்பேனே!"

"ஓசியில வர்றதுக்கு அளவு பாப்பாங்களான்னு நீதானே சொல்லுவ" என்றார். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். அதைப் பை ஆக்கினால் எத்தனை கிலோ தாங்கும் என்று யோசித்தேனே ஒழிய, அது அவர் உடம்பில் எப்படி நிற்கிறது என்று ஒரு நாள் பார்த்தேனா? என் கண்ணில் என்ன இருந்தது? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"கெளம்புங்க" என்று அவரையும் இழுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடை முதலாளியே டேப்பை எடுத்து வந்தார். இவர் கையைத் தூக்கிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். முப்பத்தெட்டு. அதே வெளிர் நீலத்தில் முப்பத்தெட்டு மாற்றிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். மனுஷனுக்குத் தோள் இருந்தது. கழுத்து இருந்தது. எனக்குப் பொலபொலவென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடை முதலாளி விலைக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "சரிம்மா, அழாதீங்க" என்று நான் கொடுத்த விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்துத் திருப்பிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். நான் அன்றைக்கு சந்தைக்கும் போகவில்லை, மாவும் ஆட்டவில்லை. மத்தியானம் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்காவும் ஓடி வந்தார்.

"எடுத்துக்கினாங்க" என்றார் இவர்.

அக்கா தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார். இவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சொன்னார், "அப்புறம் யூனிஃபார்ம் சைஸ் கேட்டாங்க. முப்பத்தெட்டுன்னு சொன்னேன்."

"குடுத்தாங்களா?"

"அது இல்லயாம். நாப்பத்தி ரெண்டுதான் இருக்கு, எடுத்துக்கறியான்னாங்க. வேணாங்க, முப்பத்தெட்டே வரட்டும்னு சொல்லிட்டேன். வர்றதுக்கு ஒரு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் சொந்தச் சட்டையிலயே வரச் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஓசியில் வந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறார், என் வீட்டு வாசலில், என்னிடமே. ஒரே சட்டையை ஒரு மாசம் போட முடியுமா?

சாயங்காலம் அதே கடைக்குப் போய் முப்பத்தெட்டில் இன்னொரு சட்டை கேட்டேன். முதலாளி விலையைச் சொல்லிவிட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எவ்வளவோ முயற்சி பண்ணினேன், ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே அவ்வளவு சந்தோஷம். முழு விலையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.